ஆற்றின் கணக்கும் மரத்தின் கணக்கும்

ஆற்று நீரை நம்பி வாழ்வோர் நாம். வயலுக்கு மடை திறப்பவரும் நூலுக்குச் சாயம் ஏற்றுபவரும், மலையில் பெய்த மழையில் எவ்வளவு ஆற்றுக்கு வந்து சேரும் என்பதையே ஆண்டுதோறும் எதிர்நோக்கி இருக்கின்றனர். இக்கேள்விக்கு விடை காண இந்நாளில் கணிப்பொறியைத் துணைகொள்கின்றனர். அவ்விடை எவ்வாறு பெறப்படுகிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

ஆற்றுக்கு நீர் தரும் நிலப்பரப்பு முழுவதையும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். அங்கே பெய்யும் மழையில் ஒரு பகுதி இலைகளின்மேல் தங்கி ஆவியாகிறது. ஒரு பகுதி மண்ணில் இறங்க, அதில் ஒரு கூற்றை வேர்கள் உறிஞ்சி இலைகளின் வழியே காற்றில் விடுகின்றன. எஞ்சியதே ஓடையாகிறது. இவ்வரவு செலவைச் சமன்பாடுகளாக எழுதிக் கணிப்பொறியில் இட்டால் அது ‘மாதிரி’ எனப்படும். ஆயின், மண் எவ்வளவு நீரைப் பிடித்துவைக்கும், வேர் எவ்வளவு ஆழம் செல்லும் என்பன போன்ற எண்களை மலை முழுவதும் தோண்டி அளத்தல் இயலாது. ஆகவே, மாதிரி கூறும் நீரோட்டம் ஓடையில் அளந்த நீரோட்டத்துடன் ஒத்துவரும்வரை அவ்வெண்களைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்க்கின்றனர். இதனை அளவுத் திருத்தம் எனலாம்.

பொருத்தத்தை மதிப்பிட நாஷ், சட்கிளிஃப் என்னும் இருவர் 1970-ல் ஓர் அளவையை வகுத்தனர். முற்றும் பொருந்தினால் அதன் மதிப்பு 1. சராசரி ஓட்டத்தையே நாள்தோறும் சொல்லிவந்தால் கிடைப்பது 0. அதனினும் மோசமானால் மதிப்பு 0-க்குக் கீழே இறங்கும்.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. சங்கத்தின் ஐந்தொகை மொத்தத்தில் சரியாக இருந்தும், உள்ளே இரு பதிவுகள் தவறாகி ஒன்றையொன்று ஈடுசெய்திருக்கக்கூடும் என்பதைத் தணிக்கையாளர் அறிவார். மாதிரியிலும் அவ்வாறே. மரங்கள் குடிக்கும் நீரைக் குறைத்தும், நிலத்தின் ஆழத்தில் கசிந்து போகும் நீரைக் கூட்டியும் எழுதினால் ஓடைக் கணக்கு சரியாகவே முடியும். வெவ்வேறு எண்தொகுதிகள் ஏறக்குறைய ஒரே விடையைத் தரும் என்பதை இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்து அறிஞர் கீத் பெவன் வலியுறுத்தினார். ஏற்கத்தக்க தொகுதிகள் பலவற்றையும் வைத்துக்கொண்டு, விடையை ஒரு வரம்புக்குள் கூறும் முறையை அவரும் பின்லியும் 1992-ல் வெளியிட்டனர்.

உள்ளே மறைந்த தவறு, நிலத்தின் பசுமை மாறும்போது வெளிப்படும். பசுமை மாறினால் நீர் எவ்வளவு மாறும் என்பதற்கு நீலகிரியிலேயே சான்று உண்டு. கிளென்மார்கன் என்னுமிடத்தில் இரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை மத்திய மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1968 முதல் அளந்தனர். முதல் நான்காண்டுகளில், ஒன்றின் ஓட்டத்தைக் கொண்டு மற்றதன் ஓட்டத்தைக் கூறும் கணக்கை நிறுவினர். 1972-ல் ஒன்றில் மட்டும், அதன் பரப்பில் 59 சதவீதத்தில், யூகலிப்டஸ் நட்டனர். முதல் பத்தாண்டுச் சுற்றில் ஆண்டு நீர்வரத்து சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரங்கள் மீண்டும் தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதமாயிற்று.

மரம் நடுவதற்கு முந்திய ஆண்டுகளின் ஓடை அளவைக் கொண்டு மட்டும் ஒரு மாதிரியைத் திருத்தியிருந்தால் என்னவாகும்? மரத்தின் தேவையை அது தவறாகக் கொண்டிருந்தாலும் 1971 வரை நற்சான்றே பெறும். அதன்பின் இல்லாத நீரை இருப்பதாகச் சொல்லும். அதை நம்பிப் பாசனப் பரப்பை விரித்தவர் கடனாளியாவார்.

இதற்குப் பரிகாரம் உண்டு. சில ஆண்டுகளின் அளவுகளைத் திருத்தத்திற்குப் பயன்படுத்தாது சோதனைக்கென ஒதுக்கிவைத்தல் வேண்டும். நில உபயோகம் மாறவிருக்கும் இடத்துக்கான மாதிரியை, அத்தகைய மாற்றத்திற்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகளில் சோதிக்க வேண்டும் என்று கிளெமெஷ் என்பவர் 1986-ல் எடுத்துரைத்தார். செயற்கைக்கோள் காட்டும் இலைப்பரப்பு, மண்ணின் ஈரம், காற்றில் ஏறும் நீராவி ஆகியவற்றோடும் ஒப்பிட்டால், மரத்தின் கணக்கைத் தனியே தணிக்கை செய்ததாகும்.

எனவே, காடு வளர்ப்புக்கோ நீர்த் திட்டத்துக்கோ கணிப்பொறிக் கணக்கைச் சான்றாகக் காட்டுவோரிடம் நம் அங்கத்தினர்கள் மூன்று கேள்விகளைக் கேட்பார்களாக. எந்த ஆண்டுகளின் அளவைக் கொண்டு திருத்தினீர்கள்? எந்த ஆண்டுகளில் சோதித்தீர்கள்? ஓடையைத் தவிர வேறு எதனோடு ஒப்பிட்டீர்கள்? பொதுப்பேரவையில் வரவு செலவைக் கேட்டறியும் உரிமை நமக்கு உள்ளதுபோல், நீரின் வரவு செலவைக் கேட்டறியும் உரிமையும் நமக்கு உண்டு.