சந்தையைத் தேர்ந்துகொள்ளும் கணக்கு

அறுவடை முடிந்தவுடன், விளைபொருளை எந்தச் சந்தைக்குக் கொண்டு செல்வது என்னும் கேள்வி ஒவ்வொரு குடியானவர் முன்பும் வந்து நிற்கின்றது. விழுப்புரம் ஜில்லாவில், மரக்காணம் உப்பளங்களுக்கு அப்பாலுள்ள மணற்பாங்கான நிலங்களில் மணிலாவும் தர்ப்பூசணியும் பயிரிடுவோருக்கு இக்கேள்வி சற்றுச் சிக்கலானது. மேற்கே திண்டிவனமும் தெற்கே புதுச்சேரியும் மரக்காணத்திலிருந்து ஏறக்குறையச் சமதூரத்தில், சுமார் 35 கிலோமீட்டரில், இருக்கின்றன. ஆகவே, தூரத்தை மாத்திரம் கொண்டு எவர் எங்கே செல்வார் என்று சொல்லிவிட இயலாது.

இதனை அளந்தறிய மேனாட்டு அறிஞர்கள் சில முறைகளை வகுத்துள்ளார்கள். ஒரு பட்டணம் சுற்றுப்புறத்தாரை இழுக்கும் வலிமை, அதன் ஜனத்தொகை பெருகப் பெருகும் என்றும், தூரத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறையும் என்றும் 1931-ல் வில்லியம் ரெய்லி என்பவர் கூறினார். 1963-ல் டேவிட் ஹஃப் என்பவர், ஒவ்வோரிடத்திற்கும் எத்தனை பங்கினர் செல்லக்கூடும் என்று கணக்கிடும் வழியைக் காட்டினார். உதாரணமாக, வியாபாரிகள் சம அளவில் கூடும் இரண்டு சந்தைகளில் ஒன்று 10 கிலோமீட்டரிலும் மற்றொன்று 20 கிலோமீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். தூரங்களின் வர்க்கம் முறையே 100, 400 ஆகும். தூரம் நான்கு மடங்கு பாரமாகின்றபடியால், 100 பேரில் 80 பேர் கிட்டின சந்தைக்கும் 20 பேர் எட்டின சந்தைக்கும் செல்வர் என்று கணக்கு ஏற்படுகின்றது. விலை, வண்டிச் சத்தம், செலவாகும் நேரம் ஆகியவை ஒவ்வொன்றும் மக்கள் மனத்தில் எவ்வளவு எடை பெறுகின்றன என்பதை, அவர்கள் செய்த தேர்வுகளிலிருந்தே கணிக்கும் முறையை 1974-ல் டேனியல் மக்ஃபாடன் வெளியிட்டார். அவர் 2000-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால், இக்கணக்கில் ஒரு பெரும்பிழை நேரக்கூடும். களத்து மேட்டிலேயே மூட்டைகளை அளந்து கொடுத்துவிடுகிறவர், உள்ளூர் வியாபாரியைத் தேர்ந்துகொண்டார் என்று எழுதிவிடலாகாது. விதைக்கும் எருவுக்கும் அவ்வியாபாரியிடமே முன்பணம் வாங்கியவருக்குத் தேர்வு என்பதே இல்லை. அவரையும் மற்றவர்களோடு சேர்த்து எண்ணினால், குடியானவர்கள் நல்ல விலையைக் காட்டிலும் கிட்டத்தையே விரும்புகின்றனர் என்னும் தவறான முடிவு பிறக்கும். அம்முடிவை நம்பி, அவ்வட்டாரத்திற்கு விற்பனை வசதி வேண்டுவதில்லை என்றும் தீர்மானித்துவிடக்கூடும். கடனால் வந்த கட்டாயம், கணக்கேட்டில் விருப்பமாகப் பதிந்துவிடும்.

ஆதலால், கணக்கெடுப்போர் இன்னார் எங்கே விற்றார் என்று கேட்பதோடு நில்லாமல், வேறிடத்தில் விற்க அவருக்கு வழி இருந்ததா என்றும் கேட்டு, வழியற்றோரைத் தனியே குறித்தல் வேண்டும். குடியானவர்களும் ஒவ்வொரு சந்தையின் விலையிலிருந்து வண்டிச் சத்தம், ஏற்றிறக்குக் கூலி, சேதாரம் ஆகியவற்றைக் கழித்து, கைக்கு வரும் தொகையைக் குறித்துவைத்தல் நலம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் விளைபொருளை இருப்பு வைத்து, அதன்மீது ஈட்டுக் கடன் பெறும் வசதியையும் விசாரித்தறிக. உடனடிப் பணமுடை தீர்ந்தால்தான் விலையை ஒப்பிட்டு விற்க அவகாசம் கிடைக்கும்.