ஐந்தில் ஒரு பங்கு போதுமா? தடுப்பு மருந்தின் அளவும் உடலின் எதிர்ப்பாற்றலும்

மருந்தின் அளவு கூடினால் பயனும் கூடும் என்னும் எண்ணம் மக்களிடையே பரவலாக உள்ளது. தடுப்பு மருந்தைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் ஓர் எல்லை வரையில்தான் உண்மை. தடுப்பு மருந்து தானே நோயை எதிர்ப்பதில்லை. கிருமியின் அடையாளத்தை உடலுக்கு அறிமுகம் செய்து வைக்கிறது. எதிர்க்கும் பணி உடலினுடையது.

அளவு மிகக் குறைந்தால் உடல் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் எதிர்ப்பொருள்கள் விரைந்து பெருகுகின்றன. அதற்கு மேல் மருந்தை இருமடங்காக்கினாலும் எதிர்ப்பொருள் இருமடங்காவதில்லை. எல்லா வயதினரிடமும் பயன் தர வேண்டும், இருப்பில் உள்ள காலத்தில் வீரியம் சற்றுக் குறைந்தாலும் பழுது நேரக்கூடாது என்பதால், அளவு ஓரளவு தாராளமாகவே நிர்ணயிக்கப்படுகிறது.

மருந்தின் வகையும் கருதத்தக்கது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பு மருந்தில் உள்ள வீரியம் குறைக்கப்பட்ட உயிர்க்கிருமி உடலினுள் பெருகக் கூடியது. ஆகவே தொடக்க அளவு குறைந்தாலும் பயன் பெரிதும் குறைவதில்லை. 2016இல் காங்கோ நாட்டின் கின்ஷாசா நகரில் நோய்ப் பரவல் அச்சுறுத்தியபோது, பல இலட்சம் பேருக்கு ஐந்தில் ஒரு பங்கு மருந்தே செலுத்தப்பட்டது. செயலிழக்கச் செய்த கிருமியோ பெருகாது. அங்கு அளவு, தவணை, செலுத்தும் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்தே பலனை முடிவு செய்கின்றன.

இளம்பிள்ளை வாதத் தடுப்பூசி இதற்கு நல்ல சான்று. 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகைக் கிருமி உலகெங்கும் நீக்கப்பட்டது. அவ்வகைக்கு எதிரான பாதுகாப்பை அதன்பின் ஊசி மருந்தே அளிக்க வேண்டியிருந்தது. ஆனால் அம்மருந்துக்கு உலகளவில் கடும் பற்றாக்குறை ஏற்பட்டது. முழு அளவான 0.5 மி.லி. மருந்தைத் தசையில் செலுத்தினால் கையிருப்பு எல்லாக் குழந்தைகளுக்கும் எட்டாது. இந்தியா 0.1 மி.லி. மருந்தைத் தோலுக்குள், ஆறாவது வாரத்திலும் பதினான்காவது வாரத்திலும் செலுத்தும் முறையை 2016இல் சில மாநிலங்களில் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் விரிவாக்கியது.

இது வெறும் சிக்கன நடவடிக்கை அன்று. அயற்பொருளைக் கவர்ந்து நிணநீர் முடிச்சுகளுக்குக் கொண்டு செல்லும் உயிரணுக்கள் தசையை விடத் தோலில் மிகுதி. முதல் தவணை உடலைப் பழக்குகிறது. இரண்டாம் தவணை வரும்போது நினைவணுக்கள் விரைந்து செயற்படுகின்றன. ஒரு முழுத் தவணையை விட இரு சிறு தவணைகள் மிகுதியான குழந்தைகளிடம் எதிர்ப்பொருளைத் தோற்றுவித்ததை வங்காள தேசத்தில் நடந்த ஆய்வு காட்டியது. மருந்துச் செலவோ ஐந்தில் இரண்டு பங்குதான். எனினும், இரு சிறு தவணைகளை இரு முழுத் தவணைகளோடு ஒப்பிட்டால் எதிர்ப்பொருளின் செறிவு குறைவே. 2023 சனவரியில் ஒன்பதாம் மாதத்துக்குரிய மூன்றாம் தவணையும் சேர்க்கப்பட்டது.

அளவைக் கூட்டுவதிலும் இடர் உண்டு. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் இளங்குழந்தையிடம் தட்டம்மைத் தடுப்பு மருந்தைச் செயலிழக்கச் செய்வதால், அதனை மீறுவதற்குச் செறிவு பன்மடங்கு உயர்த்தப்பட்ட மருந்தை உலக சுகாதார நிறுவனம் 1989இல் பரிந்துரைத்தது. தட்டம்மையை அது தடுக்கவே செய்தது. ஆனால் கினி-பிசாவு, செனகல் நாடுகளில் அம்மருந்தைப் பெற்ற பெண் குழந்தைகளிடையே பிற காரணங்களால் இறப்பு மிகுந்திருந்தது தெரியவந்தது. 1992இல் பரிந்துரை திரும்பப் பெறப்பட்டது. எதிர்ப்பொருளை மட்டும் எண்ணி அளவை முடிவு செய்வதில் உள்ள ஆபத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

இந்தியாவின் சிறு தவணை முறையில் மிகுதியான பொறுப்பு ஊசி போடும் சுகாதாரப் பணியாளரின் கையில் உள்ளது. மருந்து சரியாகத் தோலுக்குள் சென்றால் அவ்விடத்தில் சிறு தடிப்பு எழும். ஊசி ஆழமாக இறங்கிவிட்டால் குழந்தை பெறுவது, தசைக்குரிய அளவில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. தோலின் துணை அதற்குக் கிட்டுவதில்லை. பதிவேட்டிலோ இரு குழந்தைகளும் ஒன்றுபோலத் தடுப்பூசி பெற்றவர்களாகவே காணப்படுவர். எனவே பயிற்சியும் 0.1 மி.லி. அளவுக்குரிய ஊசிக்குழலும் மருந்துடனேயே ஆரம்ப சுகாதார நிலையங்களை அடைய வேண்டியவை.