சக்கர இடைத்தட்டு

விரைந்து செல்லுதற்கென்றே அமைந்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியவர் அதனை வாங்கியவாறே வைத்திருத்தல் அரிது. சக்கரங்கள் மட்கார்டுக்குள் சற்றே ஒடுங்கி நிற்பது பலருக்கு ஒரு குறையாகத் தோன்றும். அவற்றை வெளியே தள்ளி நிறுத்துதற்கு எளிய வழி, சக்கரத்திற்கும் அச்சின் முனையிலுள்ள குடத்திற்கும் இடையே ஒரு வட்டத் தகட்டை வைத்துப் பூட்டுவதாகும். இதனை ஸ்பேசர் என்பர். நாம் இடைத்தட்டு என வழங்குவோம். இது விலையிற் சிறிது. பூட்டுதற்கும் அரை நாள் போதும். ஆயினும், ஓடுகின்ற காரினின்று சக்கரம் கழலாதிருத்தல் இச்சிறு தகட்டைத் தேர்ந்து பூட்டும் முறையைச் சார்ந்தது. ஆதலின் இதன் இயல்பை ஒருவாறு ஆராய்வோம்.

சக்கரம் எதனால் குடத்தோடு நிற்கிறது என வினவின், போல்ட்டுகளின்மேல் தொங்கி நிற்கிறது என்றே பலரும் விடையிறுப்பர். அஃது உண்மையன்று. போல்ட்டுகள் சக்கரத்தைக் குடத்தோடு இறுக அழுத்துகின்றன. அவ்வழுத்தத்தால் இரு முகங்களுக்கிடையே பிறக்கும் உராய்வே சுமையைத் தாங்குகின்றது. ஓர் உதாரணம் கூறுவோம். ஜெர்மனி தேசத்து ஸ்டுட்கார்ட் நகரத்துப் போர்ஷே தொழிற்சாலையின் 911 கார்களுள் 996 என்னும் வகையில், ஒவ்வொரு சக்கரத்தையும் 14 மில்லிமீட்டர் விட்டமுள்ள 5 போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. அவற்றை 130 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசையால் இறுக்குதல் வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு போல்ட்டும் ஏறக்குறைய 4½ டன் எடைக்கு ஒப்பான விசையோடு அழுத்துகிறது. ஐந்தும் சேர்ந்தால் 20 டன்னுக்கு மேலாம். மரையின் உராய்வுக்கேற்ப இவ்வளவு சிறிது கூடும், குறையும். இவ்வழுத்தம் தளர்ந்துவிடின் சக்கரம் இம்மியளவு அசையத் தொடங்கும். சுமை போல்ட்டுகளின்மேல் குறுக்கே விழும். ஒவ்வொரு சுழற்சியிலும் அவை வளைந்து நிமிர்ந்து வலியிழந்து முடிவில் முறியும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், பின்வரும் விதிகளெல்லாம் தாமே விளங்கும்.

முதலாவது, இடைத்தட்டினால் விளையும் பயன் யாது? இருபுறமும் 15 மில்லிமீட்டர் தட்டு வைப்பின், இடச் சக்கரத்திற்கும் வலச் சக்கரத்திற்கும் உள்ள அகலம் 30 மில்லிமீட்டர் மிகும். அவ்வகலம் முன்னர் 1,500 மில்லிமீட்டராயிருப்பின், மிகுதி நூற்றுக்கு இரண்டேயாம். வளைவில் திரும்புங்கால் உட்புறச் சக்கரத்தினின்று வெளிப்புறச் சக்கரத்திற்கு மாறும் பாரமும் அவ்வளவே குறையும். இந்நன்மை சிறிது. இதற்கு ஈடாகச் சில கேடுகளும் உண்டு. சக்கரம் வெளியே செல்லச் செல்ல பேரிங்கின்மேல் நெம்பும் விசை மிகும். வில் சற்றே இளகினாற்போலத் தோன்றும். முன்சக்கரமாயின், சாலையின் மேடுபள்ளங்கள் ஸ்டீயரிங்கைக் கையினின்று பிடுங்க முயலும். ஆகவே அழகொன்றையே கருதி மிகுந்த கனமுள்ள தட்டை நாடுதல் தகாது. பெரிய பிரேக்கைப் பொருத்தியமையால் சக்கரம் அதன்மேல் உரசுமாயின், அப்பொழுது இடைத்தட்டு மெய்யாகவே வேண்டப்படுவதாகும்.

இரண்டாவது, கனத்தை அளந்தறிதல். காரைச் சமதரையில் நிறுத்தி, மட்கார்டின் விளிம்பினின்று ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் பக்கத்திற்கும் உள்ள இடைவெளியை அளக்க. அவ்விடைவெளி முழுவதையும் அடைத்துவிடலாகாது. கார் பள்ளத்தில் விழுந்து வில் ஒடுங்கும்போதும், ஸ்டீயரிங்கை எல்லைவரை திருப்பும்போதும் டயர் எங்கும் உரசாதபடி சில மில்லிமீட்டர் விட்டுவைத்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, தட்டின் வகை. குடத்தின் நடுவே ஒரு விளிம்பு புடைத்து நிற்கும். சக்கரம் அதன்மேற் பொருந்தியே நடுமையம் பெறுகின்றது. மேற்கூறிய போர்ஷே காரில் அதன் விட்டம் 71.6 மில்லிமீட்டர், 1989-இல் வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்.-5 காரில் 54.1 மில்லிமீட்டர். தட்டின் உட்துளை இவ்வளவிற்குச் சரியாய் அமைதல் வேண்டும்; அன்றியும், தட்டின் வெளிமுகத்தில் சக்கரத்தை ஏந்தும் அத்தகைய விளிம்பொன்று இருத்தலும் வேண்டும். 3 அல்லது 5 மில்லிமீட்டர் தட்டுகளில் அதற்கு இடம் போதாது. அவற்றை வைத்தபின், குடத்தின் விளிம்பு சக்கரத்தை ஏந்துமளவு வெளியே நிற்கிறதா எனப் பார்த்துக்கொள்க. நடுமையம் பிழைத்த சக்கரம் விரைவில் நடுக்கம் காட்டும். ஒரு தட்டின்மேல் மற்றொரு தட்டை அடுக்குதல் எஞ்ஞான்றும் கூடாது.

நான்காவது, போல்ட்டின் நீளம். தட்டு எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை மில்லிமீட்டர் நீண்ட போல்ட்டு வேண்டும். மரையினுள் ஏறும் நீளம் போல்ட்டின் விட்டத்திற்கேனும் குறையாதிருத்தல் நலம். 14 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் மரையிடையும் உடைய போல்ட்டு 9 சுற்றுக்குமேல் ஏறவேண்டும் என்பது கணக்கு. மிக நீண்டதாயின் குடத்தின் பின்புறத்தே பிரேக்கின் உறுப்புக்களில் இடிக்கும். போல்ட்டின் தலைக்கீழ் வடிவமும் சக்கரத்தின் குழிவோடு ஒத்திருக்க வேண்டும். போர்ஷே சக்கரத்தில் அஃது உருண்டை வடிவினது. அங்கே கூம்பு வடிவப் போல்ட்டை இட்டால் மெல்லிய வரையளவே தொடும், அழுத்தமும் நிலைக்காது. மாஸ்டாவிலோ குடத்தினின்று நீண்ட மரைத்தண்டுகளின்மேல் நட்டு ஏறுகிறது. ஆங்கே நெடிய தண்டுகளை மாற்றுதல் வேண்டும். அல்லது, குடத்தோடு தனியே முடுக்கப்பட்டுத் தனக்கெனத் தண்டுகளையுடைய கனத்த தட்டைக் கொள்ளுதல் வேண்டும்.

இனிப் பூட்டும் முறை. காரை ஜாக்கியில் ஏற்றித் தாங்குகால்மேல் நிறுத்துக. குடத்தின் முகத்திலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து அகற்றுக. ஒரு துரும்பு எஞ்சினும் தட்டு சமமாய்ப் படியாது, பின்னர் அத்துரும்பு நசுங்க இறுக்கம் தளரும். தயாரித்தவர் கூறினாலன்றி மரையில் எண்ணெய் இடற்க. எண்ணெயிட்ட போல்ட்டு அதே முறுக்குவிசையில் அளவுக்கு மிஞ்சி நீளும். முதலில் கையாலேயே திருகுக. பின்னர் ஒன்றுக்கொன்று எதிரானவற்றை மாறிமாறி முடுக்குக. இறுதியில் டார்க் ஸ்பானரால் கார் தயாரித்தவர் குறித்த அளவுக்கு இறுக்குக. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் சோதித்தல் வேண்டும். பலர் கைவிடுவது இவ்விறுதிச் செயலையே. புதிய முகங்கள் ஒன்றோடொன்று படிந்து அழுத்தம் சிறிது தளர்வது இக்காலத்திலேதான்.

நிற்க. ஜெர்மனி தேசத்தில் உரிய அத்தாட்சிப் பத்திரமின்றி இத்தட்டுகளோடு பொதுச் சாலையில் கார் ஓட்டலாகாது. பெரும்பாலும் பரிசோதகர் நேரிற் கண்டு ஒப்புதலும் வேண்டும். இதனை வீண் தொல்லை என்பாரும் உளர். கழன்ற சக்கரம் ஓட்டியவனை மட்டும் தேடிச் செல்வதில்லை. சாலையோரம் நடப்பவர்மேலும் பாயும். தன் காரைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ள ஒருவனுக்கு உரிமையுண்டு எனினும், பிறர் உயிரைப் பணயம் வைக்க எவர்க்கும் உரிமையில்லை. ஆதலின் அளந்தறிந்து வாங்குக, துடைத்துப் பூட்டுக, மறவாது மீண்டும் முடுக்குக.