பூனை தேறும்போது இறங்கும் சர்க்கரை

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்ளோஸின் என்ற மாத்திரைக்கும், 2023 ஆகஸ்டில் வெலாகிளிஃப்ளோஸின் என்ற வாய்வழித் திரவ மருந்துக்கும் ஒப்புதல் தந்தது. அன்றிலிருந்து, சர்க்கரை நோய் வந்த பூனைக்கு இனி ஊசியே வேண்டாம் என்ற உற்சாகம் பரவிவருகிறது. அந்த உற்சாகத்தில் பாதியைத்தான் ஏற்க முடியும். இந்த மருந்துகள் ரத்தத்திலுள்ள குளுக்கோஸைச் சிறுநீரகத்தின் வழியே வெளியேற்றுகின்றன, அவ்வளவுதான். சொந்தமாகக் கொஞ்சமாவது இன்சுலின் சுரக்கும் பூனைக்கே இவை உதவும். ஏற்கெனவே இன்சுலின் போட்டுவந்த பூனைக்கு இவற்றைத் தர அனுமதி இல்லை. ரத்தச் சர்க்கரை இயல்பாகத் தெரியும்போதே கீட்டோன் நச்சு ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம் என்ற கடுமையான எச்சரிக்கையும் உடன் வருகிறது. ஆகவே ஏராளமான பூனைகளுக்கு இன்னும் நாளுக்கு இரண்டு ஊசிதான் வழி. ஊசி இருக்கும்வரை, சர்க்கரை திடீரென இறங்கிப்போகும் அவசரநிலையும் இருக்கும். அதற்குத் தயாராவது என்றாலே பலர் நினைப்பது அலமாரியில் ஒரு குளுக்கோஸ் டப்பா வாங்கி வைப்பதை. அது போதாது. இந்த அவசரம் தப்பான அளவால் மட்டும் வருவதில்லை. சரியான அளவை, உடல் மாறிவிட்ட பூனைக்குப் போட்டாலும் வரும். பூனை தேறத் தொடங்கும் வாரங்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டியவை.

பூனைக்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகை நோயைப் போன்றது. உடல் பருத்து, இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காமல் போக, கணையத்தின் பீட்டா செல்கள் ஓயாமல் உழைத்துத் தளர்கின்றன. ரத்தத்தில் ஏறிய சர்க்கரையே பிறகு அந்தச் செல்களை நசுக்குகிறது; சர்க்கரை கூடக்கூடச் சுரப்பு குறைகிறது, சுரப்பு குறையக்குறையச் சர்க்கரை கூடுகிறது. அந்தச் செல்கள் எல்லாமே சாவதில்லை, பல மரத்துப்போய்க் கிடக்கின்றன. வெளியிலிருந்து இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையைக் கீழே கொண்டுவந்தால் மரத்துப்போனவை விழித்துக்கொள்கின்றன. கிர்ஸ்டன் ரூம்ப், ஜாக்கி ராண்ட் இருவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலேயே ரத்தம் சோதித்து கிளார்ஜின் இன்சுலினை நுணுக்கமாகக் கூட்டிக் குறைத்த பூனைகளில் 64 சதவீதம் இன்சுலின் தேவைப்படாத நிலைக்கு வந்தன. நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் இந்த முறையைத் தொடங்கியவற்றில் 84 சதவீதம். அதற்குப் பின் தொடங்கியவற்றில் 35 சதவீதம். மகிழ்ச்சியான எண்கள்தான். ஆனால் அவற்றின் மறுபக்கத்தைப் பாருங்கள். இன்சுலினே வேண்டாம் என்ற நிலைக்கு ஒரு பூனை ஒரே நாளில் தாவுவதில்லை. அதற்கு முன், போன மாதம் போதாமல் இருந்த அதே அளவு இந்த மாதம் மிகுதியாகிவிடும் ஒரு காலத்தைக் கடந்துதான் அங்கே போகிறது.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்வோம். நீர்மட்டம் ரத்தச் சர்க்கரை. போர் மோட்டார் கல்லீரல். பூனை புலாலுண்ணி என்பதால், புரதத்திலிருந்து குளுக்கோஸைச் செய்து இந்த மோட்டார் எந்நேரமும் ஏற்றிக்கொண்டே இருக்கும். தொட்டியிலிருந்து வீட்டுக்கு இறங்கும் குழாய்தான் கணையம் தரும் இன்சுலின். அதில் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டதால் தொட்டி வழிகிறது. பூனை மணிக்கொரு தரம் சிறுநீர் கழிப்பது அந்த வழிசல். நாம் போடும் ஊசி இரண்டாவதாக வைத்த ஒரு குழாய், ஒருமுறை திறந்தால் ஏறத்தாழ 12 மணி நேரத்துக்கு மூட முடியாது. சில வாரங்களில் மட்டம் இறங்க, பழைய குழாயின் உப்பு கரைந்து அதுவும் ஓடத் தொடங்குகிறது. இப்போது இரண்டு குழாய்கள். மட்டம் சரசரவென்று விழும்போது மோட்டாரை முடுக்கிவிட ஒரு மிதவை ஸ்விட்ச் உண்டு, அதாவது குளுக்ககான், அட்ரினலின் என்ற ஹார்மோன்கள். ஆனால் பூனை சாப்பிடாமல் இருந்தால் கிணற்றிலேயே நீர் இல்லை. மட்டம் அடிக்கடி இறங்கிக்கொண்டிருந்தால் மிதவையும் மந்தமாகிவிடும். தொட்டி காலியாகும்போது முதலில் வறள்வது மேல்தளத்து வீடு. உடலில் அது மூளை. நாம் அவசரமாகப் புகட்டும் குளுக்கோஸ் ஒரு குடம் தண்ணீர். அரைமணி நேரம் தாங்கும். குழாயோ இன்னும் ஏழெட்டு மணி நேரம் திறந்தே இருக்கும்.

இதனால்தான் டப்பா மட்டும் போதாது என்கிறேன். தள்ளாடிய பூனை குளுக்கோஸ் வாங்கியதும் பத்து நிமிடத்தில் எழுந்து நடப்பதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கப்போவதுதான் பெரிய ஆபத்து. குளுக்கோஸை அடுத்து உணவு வேண்டும். அதுவும் வழக்கமான மாவுச்சத்து குறைந்த உணவு இந்த நேரத்துக்கு ஏற்றதல்ல. கிரேவியோடு வரும் சாதாரணப் பூனை உணவு வேகமாகச் சர்க்கரை தரும். பிறகு 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தம் சோதித்து, எண் நிலையாக நின்ற பிறகும் ஊசியின் வேலை முடியும்வரை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரவு ஊசிக்குப் பிறகு யார் விழித்திருப்பது என்று முன்னதாகவே பேசி வைத்துக்கொள்வதும் தயாரிப்புதான்.

பூனைக்கு ஒரு யூனிட் எவ்வளவு பெரியது என்று புரிய வரலாற்றிலிருந்து ஒரு செய்தி போதும். 1920களில் டொராண்டோவில் இன்சுலினை அளக்க ஒரு அலகு தேவைப்பட்டபோது, பட்டினி போட்ட இரண்டு கிலோ முயலின் சர்க்கரையை வலிப்பு வரும் அளவுக்கு, அதாவது டெசிலிட்டருக்கு 45 மில்லிகிராம் அளவுக்கு, இறக்கும் மருந்தையே ஒரு யூனிட் என்று வைத்தார்கள். பின்னர் அதில் மூன்றில் ஒரு பங்கைச் சிகிச்சைக்கான யூனிட்டாக்கினார்கள். நான்கைந்து கிலோ எடையுள்ள பூனை அந்த முயலைப்போல் இரண்டு, இரண்டரை மடங்குதான். மனிதருக்கு ஒரு யூனிட் கூடினால் பெரிதாகத் தெரியாது. பூனைக்கு வேளைக்கு ஒரு யூனிட் என்பதே பெரும்பாலும் தொடக்க அளவு.

அளவுத் தவறு நம் ஊரில் எளிதாக நுழையும் இடம் சிரிஞ்ச். இந்திய மருந்துக்கடைகளில் இரண்டு வகை கிடைக்கின்றன. ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. கிளார்ஜின் பெரும்பாலும் 100 யூனிட் மருந்து. பூனைக்கென்றே வரும் சில இன்சுலின்கள் 40 யூனிட். கிளார்ஜினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது இரண்டரை யூனிட். கோடும் சரி, கண்ணும் சரி, கையும் சரி. மூடியின் நிறம் மட்டும் தவறு. அதனால் வீட்டில் ஒரே வகை சிரிஞ்சுதான் இருக்க வேண்டும், தாத்தாவுடைய டப்பாவிலிருந்து கடன் வாங்கக் கூடாது. ஊசி போட்ட நேரத்தைக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் எழுதி வைத்தால் அம்மா போட்டதை மகன் மறுபடி போட மாட்டான். பூனை துள்ளி மருந்து ரோமத்தில் சிந்தியதோ என்ற சந்தேகம் வந்தால், இன்னொரு ஊசி போடவே கூடாது.

என்ன சர்க்கரை தருவது என்பதில் பூனையின் உடலமைப்பு குறுக்கே வருகிறது. இனிப்பை உணரும் ஏற்பியின் ஒரு பாதியை உருவாக்கும் மரபணு பூனைக் குடும்பத்தில் பழுதாகிவிட்டதை, அமெரிக்காவின் மோனெல் மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2005-ல் காட்டினார்கள். தேனோ சர்க்கரைப்பாகோ எதுவாக இருந்தாலும் பூனைக்கு அது பிசுபிசுப்பான ஒரு திரவம், தானாக நக்க வராது. தேனைவிடக் குளுக்கோஸ் தூளே சிறந்தது. தேனில் கணிசமான பங்கு ஃப்ரக்டோஸ். கல்லீரல் மாற்றித் தராமல் மூளைக்கு அது உதவாது. ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதிய எதுவும் வேண்டாம். கெட்டியாகக் கரைத்த குளுக்கோஸை விரலில் எடுத்துக் கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் தடவ வேண்டும். ஈறு வழியாகவே அத்தனையும் ரத்தத்தில் ஏறிவிடும் என்ற நம்பிக்கை மிகையானது. மனிதரில் கன்னத்தின் வழியே உறிஞ்சப்படுவது மிகக் குறைவு. பூனையும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குவதால்தான் பயன் கிடைக்கிறது. விழுங்க முடியாத பூனையின் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும்.

வீட்டில் சோதிப்பதை எதிர்ப்பவர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, பூனைக்கு வலிக்கும். காது மடலின் ஓரத்தில் மெல்லிய ரத்தநாளம் ஒன்று ஓடுகிறது. வெதுவெதுப்பான துணியால் சற்று ஒற்றி, அதன் மேல் துளி வாசலின் தடவி, லான்செட்டால் குத்தினால் ரத்தம் ரோமத்தில் பரவாமல் கடுகளவு மணியாகத் திரண்டு நிற்கும். ஸ்ட்ரிப்பின் முனையைத் தொட்டதும் உறிஞ்சிக்கொள்ளும். பெரும்பாலான பூனைகள் சில நாளில் பழகிவிடுகின்றன. இன்னொன்று, மனிதருக்கான குளுக்கோமீட்டர் பூனைக்குப் பொருந்தாது. இது உண்மைதான், காரணமும் அழகானது. மனித ரத்தத்தில் குளுக்கோஸின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கும். பூனையில் ஏறத்தாழ எல்லாமே பிளாஸ்மாவில்தான். மனிதக் கணக்கில் அமைந்த கருவி பூனையின் சர்க்கரையைப் பொதுவாகக் குறைத்தே காட்டும். குறைத்துக் காட்டுவது, இறங்கிவிட்டதோ என்று தேடும் வேளையில் நமக்குச் சாதகம். ஆபத்தைக் கருவி மறைப்பதைவிட, இல்லாத ஆபத்தைச் சொல்லும் வாய்ப்பே அதிகம். 60 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் முதலில் உணவு, பிறகு மறுசோதனை. பூனைக்கென்று அளவுதிருத்திய கருவி கிடைத்தால் நல்லது, கிடைக்காததால் சோதிக்காமல் இருப்பது சரியல்ல. தோலில் ஒட்டும் தொடர் உணரிகளும் வந்துவிட்டன. அவை காட்டுவது சில நிமிடங்களுக்கு முந்தைய நிலை. பூனை அதன் மேல் அழுத்திப் படுத்தாலும் எண் பொய்யாக விழும். சந்தேகம் வந்தால் காதுத் துளிதான் தீர்ப்பு.

இவ்வளவு பயமிருந்தால் அளவையே குறைத்துப் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். நிரந்தரமாகக் குறைத்தால் பீட்டா செல்கள் விழிக்கும் வாய்ப்பு போகும், கீட்டோன் நச்சும் வரலாம். ஆனால் ஒரு வேளை ஊசியில் கணக்கு வேறு. ஒரு ஊசி தவறினால் 12 மணி நேரம் சர்க்கரை ஏறியிருக்கும், பொதுவாக அதோடு சரி. ஒரு ஊசி மிகுந்தால் உயிரே போகலாம். ஆகவே பூனை சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது, அல்லது ஊசிக்கு முந்தைய எண் வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்திருக்கிறது என்றால், மருத்துவரைக் கேட்கும்வரை சிரிஞ்சைக் கீழே வைத்துவிடலாம். இயல்பான எண்கள் தொடர்ந்து வருவதும் மருந்தின் அளவைக் குறைக்கச் சொல்லும் செய்திதான். நல்ல எண்களைக் கண்டு சோதனையை நிறுத்துபவர்கள் அந்தச் செய்தியைத் தவறவிடுகிறார்கள்.

திடீர்ப் பசி, நடுக்கம், பின்கால் தள்ளாட்டம், எங்கோ வெறித்த பார்வை, கூப்பிட்டால் எழாத தூக்கம் என அடையாளங்கள் வரலாம். சில பூனைகள் எதையும் காட்டாமலே வலிப்புக்குப் போய்விடும். வலிப்பு வந்த பூனையின் பல்லுக்கிடையே விரலை விட வேண்டாம். உதட்டின் வெளியோரமாக ஈறில் கரைசலைப் பூசிவிட்டு, துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். மருத்துவமனையில் ரத்தநாளம் வழியே டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினால் சில நிமிடங்களில் மூளைக்குக் குளுக்கோஸ் கிடைத்துவிடும். வழியில் வலிப்பு நின்று பூனை தெளிந்தாலும் திரும்பிவிடாமல் போய்ச் சேர வேண்டும். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது, அதன் எண் என்ன என்பதை நிதானமான ஒரு பகலில் விசாரித்துக் கதவிலுள்ள தாளில் எழுதி வைத்துவிட வேண்டும். இன்சுலினின் பெயர், எத்தனை யூனிட் மருந்து, எந்த நிற மூடி சிரிஞ்ச், கடைசி ஊசி எத்தனை மணிக்கு, எவ்வளவு, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, வீட்டில் கண்ட எண்கள் என்ன என்பவற்றையே அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்பார். அவற்றையும் அதிலேயே எழுதி வைத்தால், அந்தத் தாளைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம்.