இடைக் காரணமும் கால அளவீடும்

ஒரு பயிற்சி மாணவரின் தன்னம்பிக்கையை வளர்த்து, அதன் வாயிலாகத் தேர்ச்சியை உயர்த்துவதாகக் கொள்வோம். இங்குத் தன்னம்பிக்கை இடைக் காரணமாகும். இவ்வகை ஆய்வுமுறையை அமெரிக்க உளவியலறிஞர் பாரனும் கென்னியும் 1986-இல் விளக்கினர்.

மூன்றையும் ஒரே நாளில் அளந்தால், நல்ல தேர்ச்சியே தன்னம்பிக்கையை அளித்ததோ என்னும் ஐயம் நீங்காது. காரணம் விளைவிற்கு முந்தியிருத்தல் வேண்டும். ஒருமுறை அளவீடு இடைவழி விளைவை மிகுத்தோ குறைத்தோ காட்டக்கூடும் என மாக்ஸ்வெல்லும் கோலும் 2007-இல் எடுத்துக்காட்டினர்.

ஆகவே பயிற்சியை முதற் கட்டத்திலும், தன்னம்பிக்கையை இரண்டாவதிலும், தேர்ச்சியை மூன்றாவதிலும் அளந்து, அவற்றின் முந்தைய நிலைகளையும் கணக்கிற் கொள்ளுதல் முறையாகும். முதல் தொடர்பு 0.5, அடுத்தது 0.4 எனின், இடைவழி விளைவு அவற்றின் பெருக்கமாகிய 0.2 ஆகும்.

அதே குழந்தைகளை, அதே அளவுகோலால், குறித்த தேதிகளில் அளத்தல் களப்பணியாளர், ஆசிரியர் பொறுப்பாகும். அது தவறின், பயனற்ற திட்டத்திற்குப் பொதுப்பணம் செலவாக நேரிடும்.