இரண்டாம் நாள் வந்தவர்கள்



விவிலிய வகுப்பின் புதிய பருவம் தொடங்கவிருக்கிறது. முதல் வகுப்பன்று இடம் போதாமல் கோவிலிலிருந்து பெஞ்சுகளைத் தூக்கி வருவோம். நான்காம் வாரம் அதே பெஞ்சுகளைத் திரும்பக் கொண்டுபோய்ப் போடுவோம். பல பங்குகளிலும் பார்க்கிற காட்சிதான். இதற்காக யாரையும் கடிந்துகொள்ள நாம் வரவில்லை. கூட்டம் குறைந்த பிறகு என்ன நடக்கலாம் என்பதை விவிலியமே ஓரிடத்தில் சொல்கிறது. இன்று அதைச் சற்றுப் பார்ப்போம்.

நெகேமியா நூலின் 8ஆம் அதிகாரம். பாபிலோனிலிருந்து திரும்பி வந்த மக்கள் எருசலேமின் மதிலை 52 நாள்களில் கட்டி முடித்துவிட்டார்கள். எலூல் மாதம் 25ஆம் நாள் வேலை நிறைவுற்றதாக நூல் குறிக்கிறது. அந்நூலின் போக்கில் அடுத்து வருவது ஏழாம் மாதத்தின் முதல் நாள். அன்று தண்ணீர் வாயிலுக்கு எதிரே இருந்த வெளியில் மக்கள் அனைவரும் திரண்டார்கள். திருச்சட்ட நூலைக் கொண்டுவருமாறு எஸ்ராவிடம் கேட்டவர்கள் மக்களே. குருவானவர் கூப்பிட்டு வந்த கூட்டம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்! ஆண்களும் பெண்களும், கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய எல்லாரும் விடியற்காலை முதல் நண்பகல்வரை கேட்டார்கள். எஸ்ரா மரமேடைமீது நின்று வாசித்தார். லேவியர் மக்களுக்குப் பொருள் விளக்கினார்கள். அப்படி விளக்கியவர்களில் 13 பேரின் பெயர்களை நூல் நமக்குத் தருகிறது. விவிலிய ஆசிரியர்களுக்கு அதைவிட வேறு பாராட்டு வேண்டியதில்லை. கேட்ட மக்கள் அழுதார்கள். அழ வேண்டாம், வீட்டுக்குப் போய் நன்றாக உண்டு மகிழுங்கள், இல்லாதவர்களுக்கும் ஒரு பங்கு அனுப்புங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

இதுவரை நாம் திருப்பலியில் கேட்டிருக்கிறோம். மூன்றாம் ஆண்டில், பொதுக்காலத்தின் 3ஆம் ஞாயிறன்று இதுவே முதல் வாசகம். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 செப்டம்பர் 30 அன்று வெளியிட்ட மடலின் வழியாக அந்த ஞாயிற்றை இறைவார்த்தை ஞாயிறாக ஏற்படுத்தினார். ஆனால் அந்த வாசகம் 10ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. ஞாயிறு வாசகங்களில் எல்லாவற்றையும் வாசிக்க இயலாது, அது குறையன்று. மீதியைத் திறந்து பார்க்கத்தான் வகுப்பு இருக்கிறது.

13ஆம் வசனத்துக்கு வாருங்கள். இரண்டாம் நாள். முந்தைய நாளின் பெருங்கூட்டத்தை இப்போது காணோம். குடும்பத் தலைவர்களும் குருக்களும் லேவியரும் எஸ்ராவிடம் கூடி வருகிறார்கள். எதற்காக? திருச்சட்டத்தை ஆழ்ந்து கற்பதற்காக. முதல் நாள் கேட்டார்கள், இரண்டாம் நாள் படித்தார்கள். படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது: ஏழாம் மாதத் திருவிழாவில் மக்கள் கூடாரங்களில் தங்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பாலைநிலத்தில் தம் முன்னோரை ஆண்டவர் கூடாரங்களில் வாழச் செய்தார் என்பதைத் தலைமுறைகள் மறவாதிருக்கவே இந்த ஏற்பாடு என்று லேவியர் நூலின் 23ஆம் அதிகாரம் காரணம் சொல்கிறது. நூனின் மகன் யோசுவாவின் காலத்துக்குப் பிறகு இப்படி யாரும் கொண்டாடியதில்லையாம்.

உடனே ஊரெங்கும் அறிவிப்புப் போனது. மக்கள் மலைக்குப் போய் ஒலிவக் கிளைகளையும் பேரீச்ச ஓலைகளையும் கொண்டுவந்தார்கள். மொட்டைமாடியிலும் முற்றத்திலும் கோவில் வளாகத்திலும் கூடாரம் போட்டார்கள். தண்ணீர் வாயில் வெளியிலும் போட்டார்கள். கல் மதில் எழுப்பிக் களைத்த அதே கைகள் இப்போது இலைக்குடில் கட்டின. பாதுகாப்பு வந்துவிட்டது என்று மதிலைப் பார்த்து மூச்சுவிட்ட மக்களுக்கு, மதிலே இல்லாத காலத்தில் தங்களைக் காத்தவர் யார் என்பது நினைவுக்கு வந்தது. முதல் நாள் அழுதவர்கள் இப்போது பெருமகிழ்ச்சி கொண்டார்கள். அந்த மகிழ்ச்சி வந்த வழி, இரண்டாம் நாள் வந்து உட்கார்ந்த சிலர் கண்டுபிடித்த ஒரு பகுதி!

வந்தவர்கள் குடும்பத் தலைவர்கள் என்பதையும் கவனியுங்கள். வீட்டுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இரவு வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தை வைத்திருப்பவர், நடக்க இயலாத பாட்டி ஆகிய எல்லாரையும் வகுப்புக்கு வரச்சொல்ல முடியாது. ஒரு வீட்டிலிருந்து ஒருவர் வரட்டும். அது மறைக்கல்வி படிக்கிற மகளாக இருந்தாலும் சரி. இரவு செபமாலை முடிந்ததும் அன்று கற்றதை ஐந்து நிமிடம் வீட்டாருக்குச் சொல்லட்டும். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, மறைநூல் எல்லா நம்பிக்கையாளருக்கும் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்டது. இன்று நூல் பல வீடுகளில் இருக்கிறது. பல வீடுகளில் அது அலமாரியில் சுரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

முதல் வகுப்புக்கு வரும்போது அந்த விவிலியத்தையே எடுத்து வாருங்கள், ஒரு பென்சிலும் கூட. வருமுன் நெகேமியா 8ஆம் அதிகாரம் முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள். மொத்தம் 18 வசனங்கள்தாம். புரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். இரண்டாம் வாரத்தை அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து தொடங்குவோம்.