நாடி பிடிக்காத வைத்தியம்

1787 ஏப்ரல் முதல் தேதி, கோர்சிகா தீவின் அஜாக்சியோ ஊரிலிருந்து 17 வயதுப் பீரங்கிப் படை அதிகாரி ஒருவர் சுவிட்சர்லாந்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடைய பாட்டனார் முறை உறவினர் ஒரு பாதிரியார். கீல்வாதம் முழங்காலிலும் பாதத்திலும் இறங்கி, நடக்க முடியாமல் கிடந்தார். என்ன செய்யலாம் என்று லொசான் நகரத்து மருத்துவர் சாமுவேல் தீஸோவிடம் யோசனை கேட்டிருந்தார் அந்த இளைஞர். தீஸோ அவரைப் பார்த்ததில்லை, நோயாளியையும் பார்த்ததில்லை. கடிதத்தின் மேல், பதில் போடவில்லை, சுவாரசியமான கேஸ் இல்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டார். கேட்டவர் பெயர் நெப்போலியன்.

பின்னாளில் ஐரோப்பாவையே ஆட்டிப் படைத்தவருக்குப் பதில் கிடைக்கவில்லை என்பது ஒரு வேடிக்கை. ஆனால் முன்பின் தெரியாத மருத்துவருக்கு ஒருவர் நோயை எழுதி அனுப்பியது அந்தக் காலத்தில் விசேஷமே இல்லை. தீஸோவுக்கு வந்த இத்தகைய கடிதங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை லொசான் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கையில் காசும் எழுத்தறிவும் உள்ளவர்களுக்குத் தபால் வைத்தியம் சாதாரண ஏற்பாடு. நோயாளியே எழுதுவார், அல்லது மனைவி, ஊர்ப் பாதிரியார், உள்ளூர் வைத்தியர் என யாராவது எழுதுவார்கள். பெரிய டாக்டர் பதிலில் வைத்தியம் சொல்வார்.

தொட்டுப் பார்க்காமல் எப்படி வைத்தியம் என்று நமக்குத் தோன்றும். அந்தக் காலத்து மருத்துவர் தொட்டுப் பார்த்துப் பெரிதாக ஒன்றும் தெரிந்துகொண்டதில்லை என்பதுதான் விஷயம். நாடி பிடிப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், முகத்தைப் பார்ப்பார், சிறுநீரின் நிறத்தைக் கவனிப்பார். மற்றபடி நோயைக் கண்டுபிடிக்க அவருக்கு இருந்த பெரிய சாதனம் நோயாளியின் வாய்மொழிதான். எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டார், தூக்கம் எப்படி, மலம் ஒழுங்காகப் போகிறதா, மனக்கவலை ஏதும் உண்டா? உடல் என்பது உள்ளே வருவதும் வெளியே போவதும் சமநிலையில் இருக்க வேண்டிய ஒன்று என்ற கொள்கையில் நின்று பார்த்தால், இந்தக் கேள்விகளுக்கான பதில்களே நோயின் வடிவம். அவற்றை நேரில் சொன்னால் என்ன, எழுதி அனுப்பினால் என்ன?

எழுதத்தான் தெரிய வேண்டும். தீஸோ 1761இல் வெளியிட்ட ‘மக்களுக்கு உடல்நல அறிவுரை’ என்ற நூல் மருத்துவர் எட்டாத கிராமத்தாருக்காக எழுதப்பட்டது. பல மொழிகளில் பரவிய அந்த நூலில், மருத்துவரிடம் போகுமுன் பதில் தயாராக வைத்திருக்க வேண்டிய கேள்விகளின் பட்டியல் ஒன்று உண்டு. வயது என்ன, முன்பு ஆரோக்கியமாக இருந்தாரா, இந்த நோய் எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, எங்கே வலி, இதுவரை என்ன மருந்து சாப்பிட்டார் என்று அது போகும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிக் கேள்விகள். இன்று மருத்துவமனையில் அட்டை போடும்போது நம்மைத் துளைத்தெடுக்கும் படிவத்துக்கு இதுவும் ஒரு மூதாதை.

ஆனால் டாக்டரின் பதில் நோயாளியின் வீட்டுக்குப் போய்விடும், வந்த கடிதம் மட்டுமே டாக்டரிடம் தங்கும். அதனால் இந்த உரையாடலின் ஒரு பாதிதான் பெரும்பாலும் நமக்குக் கிடைக்கிறது. இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருந்த பேராசிரியர் வில்லியம் கல்லன். (செயற்கையாகக் குளிர்ச்சி உண்டாக்கலாம் என்று முதலில் செய்து காட்டியவரும் இவர்தான். வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அவரும் ஒரு தாத்தா.) இவர் தம் பதில்களுக்கெல்லாம் நகல் வைத்துக்கொண்டார். ஆரம்பத்தில் ஓர் எழுத்தரை வைத்து எழுதச் சொன்னார். பிறகு நீராவி இயந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட் 1780இல் காப்புரிமை பெற்ற நகலெடுக்கும் அச்சு வந்தது. கல்லன் அதை உடனே பிடித்துக்கொண்டார்.

அது வேலை செய்த விதம் அழகானது. விசேஷ மையால் கடிதத்தை எழுத வேண்டும். மை முழுக்கக் காய்வதற்குள், ஈரமாக்கிய மெல்லிய தாளை அதன்மேல் விரித்து உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்த வேண்டும். மையில் கொஞ்சம் மெல்லிய தாளில் ஒட்டிக்கொள்ளும். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறித்தான் பதியும். ஆனால் தாள் அத்தனை மெல்லிசு என்பதால், திருப்பிப் பிடித்தால் மறுபக்கம் வழியாக நேராகப் படிக்கலாம். இப்படிக் கேள்வியும் பதிலுமாகச் சேர்ந்த 5,000க்கு மேற்பட்ட கடிதங்கள் எடின்பரோ மருத்துவர் கல்லூரியில் இருக்கின்றன.

கல்லனின் கட்டணம் வழக்கமாக இரண்டு கினி, அதாவது 42 ஷில்லிங். கூலித் தொழிலாளி ஒருவருக்கு அது பல வாரச் சம்பளம். போதாததற்குத் தபால் செலவு. 1840 வரை பிரிட்டனில் கடிதம் பெறுபவர்தான் பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டும், அதுவும் தூரத்துக்கும் தாள் எண்ணிக்கைக்கும் ஏற்ப. தம் வயிற்று உபாதையைப் பக்கம் பக்கமாக வர்ணித்தவர்கள் கல்லனின் பொறுமையோடு பணத்தையும் சோதித்திருப்பார்கள்.

பதிலில் அவர் பெரும்பாலும் சொன்னது வாழும் முறையைத்தான்: இதை உண்ணுங்கள், அதை விடுங்கள், குதிரைச் சவாரி செய்யுங்கள், உடம்பைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கூடவே உள்ளூர் மருந்துக்கடைக்காரருக்கு லத்தீனில் ஒரு மருந்துச்சீட்டு. சிங்கோனா பட்டை, அபினிக் கரைசல், பேதி மருந்து என்று அது இருக்கும். ரத்தம் வடிக்கச் சொன்னதும் உண்டு. இதில் பாதி இன்று நிற்காது. குதிரைச் சவாரி குணமாக்காவிட்டாலும் யாரையும் கொன்றிருக்காது என்பது என் கட்சி.

1784 மார்ச்சில் அவருக்கு வந்த ஒரு கேஸ் பிரபலமானது. லண்டனில் அகராதி அறிஞர் சாமுவேல் ஜான்சன் மூச்சிளைப்பாலும் உடல் வீக்கத்தாலும் படுத்திருந்தார். அவருடைய நண்பர் பாஸ்வெல் எடின்பரோவில் வழக்கறிஞர். அவர் நோய் விவரத்தை எழுதி, கல்லன் உட்பட அந்நகரின் பெரிய மருத்துவர்கள் சிலரிடம் யோசனை கேட்டார். லண்டனில் ஜான்சனுக்கு மருத்துவர் பஞ்சமில்லை. ஆனாலும் தொலைவிலிருப்பவரின் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு அன்றும் ஒரு மவுசு இருந்தது. எடின்பரோ டாக்டர்கள் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். டிசம்பரில் ஜான்சன் இறந்தார். நாள்பட்ட நோய்க்குத்தான் தபால் ஒத்துவரும் என்பதையும் சொல்ல வேண்டும். கொதிக்கும் காய்ச்சல் தபால் வண்டிக்காகக் காத்திருக்காது.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது தபால்துறை அல்ல, காது. தீஸோவின் நூல் வந்த அதே 1761இல், வியன்னாவில் லியோபோல்ட் ஔவன்புருக்கர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். மார்பை விரலால் தட்டி, எழும் ஓசையை வைத்து உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று அறியலாம் என்றது அது. அதே ஆண்டில் இத்தாலியின் மோர்காஞ்ஞி, பிணங்களை அறுத்து, ஒவ்வொரு நோய்க்கும் உடலுக்குள் ஓர் இருப்பிடம் உண்டு என்று விரிவாகக் காட்டினார். இரண்டும் ஊறி மேலே வர அரை நூற்றாண்டு பிடித்தது. 1816இல் பாரிஸில் லெனெக் காகிதத்தைச் சுருட்டி ஒரு பெண்ணின் மார்பில் வைத்துக் கேட்டார், ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. நோய் நுரையீரலின் இந்த மூலையில் இருக்கிறது என்று காதால் கேட்டுச் சொல்ல முடிந்த பிறகு, நோயாளியின் நாலு பக்க வர்ணனை துணைச் சாட்சியாகிவிட்டது. உடம்பை உறையில் போட்டு அனுப்ப முடியாதே.

ஒருவருக்கு மட்டும் இந்த மாற்றம் உறைக்கவே இல்லை. கல்லனின் மருந்தியல் நூலை 1790இல் ஜெர்மனில் மொழிபெயர்த்தவர் சாமுவேல் ஹானிமன். சிங்கோனா பற்றிக் கல்லன் சொன்ன விளக்கத்தை ஏற்காமல் அந்தப் பட்டையைத் தாமே தின்று பார்த்ததில்தான் ஹோமியோபதி தொடங்கியது. நோயாளி உணரும் அறிகுறிகளே நோய், உள்ளே தோண்ட வேண்டியதில்லை என்பது அவர் வாதம். அதன் மருத்துவ நியாயம் வேறு விஷயம், தபாலுக்கு இதைவிடப் பொருத்தமான கொள்கை கிடையாது. கோத்தன் என்ற சிறு ஊரில் உட்கார்ந்துகொண்டு அவர் நடத்திய கடித வைத்தியத்தின் சாட்சியாக ஆயிரக்கணக்கான நோயாளிகளின் கடிதங்கள் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

1840இல் பிரிட்டனில் ஒரு பென்னிக்குத் தபால் வந்தபோது பெரிய டாக்டர்கள் நோயாளியை நேரில் வரச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். மலிவான தபாலை அள்ளிக்கொண்டவர்கள் மருந்து வியாபாரிகள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் லிடியா பிங்க்கம் என்ற பெண்மணி 1875 முதல் பெண்கள் உபாதைகளுக்கு ஒரு மூலிகைக் கலவை விற்றார். அதில் சாராயமும் தாராளம். ‘திருமதி பிங்க்கமுக்கு எழுதுங்கள்’ என்றன விளம்பரங்கள். ஆண் டாக்டரிடம் வாய் திறக்கக் கூசிய பெண்கள் எழுதினார்கள், பதிலும் வந்தது. 1905இல் ஒரு மகளிர் பத்திரிகை அந்த அம்மையாரின் கல்லறைப் படத்தைப் போட்டது. அவர் இறந்தது 1883இல். இப்போது பதில் எழுதுவது மருமகள், அவரும் திருமதி பிங்க்கம்தானே என்றது கம்பெனி.